போருக்கு முன் சென்ற தூது

1971 டிசம்பரில் தில்லியில் இருட்டடிப்பு. கரோல்பாக் வீட்டு ஜன்னல்களில் அப்பா கறுப்புக் காகிதம் ஒட்டினார். இரவில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்போம். போர் எல்லையில்தான் நடக்கிறது என்று நினைத்திருந்தேன். அதில் பாதி முன்னரே அயல்நாட்டுத் தலைநகரங்களில் நடந்துவிட்டது என்பதைப் பின்னாளில் படித்தே அறிந்தேன்.

அவ்வாண்டு மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் அடக்குமுறையைத் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்கு வந்தனர். "அது பாகிஸ்தானின் உள்விவகாரம்" என்று பல அரசுகள் ஒதுங்கின.

தில்லி மூன்று காரியங்கள் செய்தது. ஒன்று, அயல்நாட்டுப் பத்திரிகையாளர்களையும் அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி போன்றோரையும் அகதி முகாம்களை நேரில் காண வைத்தது. இரண்டு, ஆகஸ்ட் 9 அன்று சோவியத் யூனியனுடன் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. மூன்று, அக்டோபர் இறுதியில் பிரதமர் இந்திரா காந்தி பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் உள்ளிட்ட ஆறு நாடுகளுக்குப் புறப்பட்டார்.

பலன் என்ன? அமெரிக்க அதிபர் நிக்சன் மனம் மாறவில்லை. டிசம்பர் 7இல் போர்நிறுத்தம் கோரிய ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு ஆதரவு 104, எதிர்ப்பு 11. ஆனால் பாதுகாப்புச் சபையில் பிரிட்டனும் பிரான்சும் வாக்களிக்காமல் ஒதுங்கின; சோவியத் யூனியன் தன் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடையும் வரை இந்தியாவுக்கு அவகாசம் கிடைத்தது.

இதை ஞாயிறு தமிழ் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ இதுவும் பிரசாரம்தானே சார்?"

ஆமாம் என்றேன். முகாம்களின் துயரம் முழு உண்மை. ஆனால் அதைக் காட்டிய அரசு, முக்தி வாகினிக்குத் தான் அளித்த ஆயுதத்தையும் பயிற்சியையும் பறைசாற்றவில்லை. உண்மையைச் சொல்லும்போதும் எதைச் சொல்வது, எதை விடுவது என்று அரசுகள் தேர்ந்தெடுக்கவே செய்யும்.

தூதின் அருமை நமக்குப் புதிதல்ல. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். வள்ளுவர் 'தூது' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். போர்ச் செய்தி பார்க்கும்போது பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொல்பவர் யார்? யாரை நம்ப வைக்கச் சொல்கிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? நம் நாட்டுச் செய்திக்கும் இதே கேள்விகள்தாம். அன்று அந்த மாணவி கேட்டதும் அதைத்தான்.