காட்சியும் கதையோட்டமும்

நுழையும்முன்
மலையையும் அருவியையும் காட்டினால்தான் கதையின் உலகம் கண்முன் எழும். அவற்றையே காட்டிக்கொண்டிருந்தால் கதை நகராது. இவ்விரண்டையும் படைப்பாளர் இணக்கும் வழியை விளக்குகிறது இப்பாடம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை உயர்ந்து நிற்கிறது. கோமுகி ஆறு தோன்றும் இம்மலையில் மேகம் அருவி, பெரியார் அருவி முதலியன வீழ்கின்றன. இதனைக் களமாகக் கொண்டு, பேசும் மரங்களும் கல்லரக்கரும் உலவும் மிகுபுனைவுப் புதினம் ஒன்றை ஒருவர் எழுதுவதாகக் கொள்ளலாம். நாளும் காணும் தெருவைக் காட்ட ஒரு தொடர் போதும். எஞ்சியதைப் படிப்பவர் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார். கண்டறியாத உலகுக்கு அத்துணை இல்லை. ஆகவே, மிகுபுனைவின் முதல் வரைவில் வருணனை மிகுவது இயல்பு. எழுதுபவரே தம் உலகை அப்போதுதான் காண்கிறார். படிப்பவருக்கு எது, எவ்விடத்தில் தேவை என்பதைத் திருத்தும்போதே முடிவுசெய்ய இயலும்.

கபிலர் காட்டும் வழி
இம்மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணையாற்றில் கபிலர் குன்று உள்ளது. பாரியின் மறைவுக்குப்பின் கபிலர் உயிர்நீத்த இடமாக அது போற்றப்படுகிறது. அவர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. அதில் காந்தள், ஆம்பல், குறிஞ்சி எனத் தொடரும் 99 மலர்கள் இடம்பெறுகின்றன. இத்துணை நீண்ட பட்டியல் கதையோட்டத்தைத் தடுக்கவில்லை. காரணம், அது அமைந்த இடம். தினைப்புனம் காத்த மகளிர் அருவியில் ஆடி, மலர் பறித்துப் பாறையில் குவிக்கின்றனர். அவர்களுக்கு விரைவு இல்லை. பாட்டுக்கும் விரைவு இல்லை. அவ்வமைதியைக் குலைத்து வேட்டை நாய்கள் சூழ்கின்றன, தலைவன் வருகிறான். பின்னர்ச் சினங்கொண்ட யானை பாய்ந்து வரும்போது மலர்ப்பட்டியல் இல்லை. உவமைகள் உண்டு; அவை மகளிரின் நடுக்கத்தையும் யானையின் சினத்தையுமே பற்றி நிற்கின்றன.

திருத்தும் முறை
புதினத்தின் முதல் வரைவில் பின்வரும் பகுதி இருப்பதாகக் கொள்ளலாம்:

“அருவியின் மேலிருந்து கல்லரக்கன் இறங்கினான். இருபுறமும் மூங்கில்கள் அடர்ந்திருந்தன. அவற்றின் இலைகளில் நீர்த்துளிகள் வெள்ளிமணிகளாய் ஒளிர்ந்தன. பாறைகளில் பசும்பாசி படர்ந்திருந்தது. சிறுமி ஓடினாள்.”

அரக்கன் இறங்கியபின் நான்காம் தொடர்வரை அச்சம் காத்திருக்கிறது. திருத்திய வடிவம் இது:

“அருவியின் மேலிருந்து கல்லரக்கன் இறங்கினான். சிறுமி ஓடினாள். பாசி படர்ந்த பாறையில் கால் வழுக்கியது. எட்டிய மூங்கிலைப் பற்றினாள்.”

பாசியும் மூங்கிலும் நீக்கப்படவில்லை. ஒன்று அவளை வீழ்த்தப் பார்க்கிறது, மற்றொன்று காக்கிறது. நீர்த்துளிகள் மட்டும் இங்கிருந்து விலகின. சிறுமி அச்சமின்றி நீர் எடுக்க வரும் முந்தைய இயலில் அவற்றுக்கு இடமுண்டு.

வெட்டுதலே திருத்தம் அன்று
விரைவை வேண்டி வருணனை அனைத்தையும் நீக்கினால் வேறொரு குறை நேரும். சாமைக் கொல்லையும் அருவியின் பெயரும் போனபின் எஞ்சுவது, எந்நாட்டுக்கும் பொருந்தும் ஒரு மலை. அம்மலையில் அரக்கன் தோன்றினாலும் வியப்பு எழாது. மெய்யான மண்ணில் கால் ஊன்றியபின்னரே மாயம் நம்பத்தக்கதாகிறது. இடைவிடாத ஓட்டமும் படிப்பவரைச் சோர்வுறச் செய்யும். எனவே, இடர் நீங்கியபின் கதை சற்றே அமர்ந்து சுற்றிலும் நோக்கலாம்.

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. நிலமும் பொழுதும், மரமும் விலங்கும் மாந்தரின் உணர்வோடு இணைந்தே பொருள் பெறுகின்றன. திருத்துபவர் ஒவ்வொரு வருணனையிலும் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று: இதனைக் காண்பவர் யார்? அந்நேரத்தில் காண அவருக்கு ஓய்வு உண்டா? கண்டதனால் அவர் உள்ளத்திலோ செயலிலோ நேரும் மாற்றம் யாது? மூன்றுக்கும் விடை தரும் வருணனை நீண்டதாயினும் நிற்கட்டும். விடை தராதது அழகியதாயினும் வேறிடம் தேடட்டும்.

கற்பவை கற்றபின்
உம் ஊரின் குளம், குன்று, ஆறு ஆகியவற்றுள் ஒன்றைப் பத்துத் தொடர்களில் வருணிக்க. பின்னர், அங்கு ஒருவர் அஞ்சி ஓடும் நிகழ்ச்சியை, அவ்வருணனையிலிருந்து இரண்டு செய்திகளை மட்டும் எடுத்து ஐந்து தொடர்களில் எழுதுக.