பின் பிரேக் பிடித்துக்கொண்டால் நட்டைத் தளர்த்தினால் போதுமா?

(9-ஆம் வகுப்பு மாணவி)

உராய்வைப் பற்றி வகுப்பில் படிக்கிறோம், பரீட்சையில் எழுதுகிறோம். அதே உராய்வு நம் வீட்டு வாசலில் நிற்கும் பைக்கின் பின் சக்கரத்தில் எப்படி வேலை செய்கிறது, எப்படிக் கோளாறு செய்கிறது என்று இந்தக் கட்டுரையில் காண்போம். எங்கள் சின்ன மாமா பைக் பட்டறை வைத்திருக்கிறார். லீவு நாளில் அங்கே ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு"ன்னு கேட்பவர்கள் கேட்கட்டும். பிரேக் பிடிக்காத வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவது பாதி நேரம் நாங்கள்தானே!

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். சக்கரத்தின் நடுவில் கிண்ணம் மாதிரி இருப்பது டிரம். அதற்குள் பிறைநிலா வடிவில் இரண்டு பிரேக் கட்டைகள். இரண்டுக்கும் நடுவில் கேம் என்ற தட்டை முனையுள்ள இரும்புத் தண்டு. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு ரப்பரைப் படுக்க வைத்துவிட்டு, அதை மெதுவாக நிமிர்த்திப் பாருங்கள். கைகள் விலகும். கேம் செய்வதும் அதுதான். பெடலை மிதித்தால் ஒரு நீளமான ராடு பின்னாலிருக்கும் நெம்புகோலை இழுக்கும், நெம்புகோல் கேமைத் திருப்பும், கட்டைகள் விரிந்து டிரம்மில் உரசும். காலை எடுத்தால் ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

இந்தக் கடைசி வேலை நடக்காவிட்டால் அதைத்தான் "பிரேக் பிடிச்சுக்கிச்சு" என்கிறோம்.

ஆளோடும் சுமையோடும் 200 கிலோ உள்ள வண்டி மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 10 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 10,000 ஜூல் வருகிறது. வண்டியை நிறுத்தும்போது பிரேக்குகள் இதில் பெரும் பங்கை வெப்பமாக மாற்றுகின்றன. ஒரு தடவை என்றால் பரவாயில்லை, ஆறிவிடும். ஆனால் கட்டை உரசிக்கொண்டே இருந்தால் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். பெட்ரோலும் வீண், கட்டையும் தேயும், டிரம் தொட முடியாத சூடாகும்.

போன மே மாதம் பால் எடுக்கும் அண்ணன் ஒருவர் இரண்டு கேனோடு பட்டறைக்கு வந்தார். டிரம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் "சொய்ங்"ன்னு ஆவியாப் போச்சு. ஒரு வாரமாகவே பிடித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இறங்கி, குதிகாலால் நெம்புகோலை ஒரு எத்து எத்திவிட்டு ஓட்டியிருக்கிறார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று ராடின் கடைசியில் உள்ள நட்டையும் நாலைந்து சுற்றுத் தளர்த்திவிட்டார். இப்போது பெடல் அடி வரைக்கும் போகிறது, பிரேக்கே இல்லை! முன் பிரேக்கை மட்டும் நம்பி ஏரிக்கரை மேட்டில் இறங்கி வந்திருக்கிறார். மழை பெய்து களிமண் சாலையாக இருந்து, ஒரு மாடு குறுக்கே வந்திருந்தால்? முன் சக்கரம் மட்டும் இறுகினால் வண்டி வழுக்கிக் கீழே தள்ளிவிடும். மாமா அன்று திட்டிய திட்டு இங்கே எழுத முடியாது.

நட்டைத் தளர்த்தியதும் ஏன் சரியாகவில்லை? கேம் தண்டு, பிரேக் தட்டில் உள்ள ஒரு துளைக்குள்தான் சுழல வேண்டும். அதற்கு கிரீஸ் வேண்டும். நாம் வண்டியை வாய்க்காலில் இறக்குகிறோம், பம்புசெட்டில் நிறுத்திப் பீய்ச்சிக் கழுவுகிறோம். கிரீஸ் கரைந்து போகும், துரு ஏறும், கட்டையின் தூள் சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும். அப்புறம் தண்டு திரும்பிப் போகும், ஆனால் திரும்பி வராது. ஸ்பிரிங்குக்கு அவ்வளவு பலம் கிடையாது. துரு இருக்கிறது உள்ளே, நட்டு இருக்கிறது வெளியே. தலைவலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதைதான்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். பிறகு பெடலைக் கையால் அழுத்தி விடுங்கள். பெடல் மேலே வரவில்லை, பின்னால் சிவப்பு விளக்கும் அணையவில்லை என்றால் கோளாறு பெடலின் அச்சில் இருக்கும். அதைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தால் போதும். பெடல் மேலே வந்துவிட்டது, ஆனால் நெம்புகோல் வராமல், நட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி தெரிகிறது என்றால் கேம்தான் கள்ளன். இரண்டுமே சரியாக வருகிறது, சக்கரம் மட்டும் இறுக்கம் என்றால் யாரோ நட்டை அதிகமாக முறுக்கியிருக்கலாம். அப்போது மட்டும்தான் தளர்த்துவது சரி. (நம் பள்ளி வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிகளில் இரண்டு, தள்ளும்போது மாவாட்டுகிற மாதிரி கனமாக வருகின்றன. யாருடையவை என்று எழுதவில்லை. நமக்கு கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும், தள்ளிப் பார்க்க லைசென்ஸ் வேண்டாம்.)

கேம் என்றால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். இதைப் பெரியவர்களோடுதான் செய்ய வேண்டும். முதலில் சூடு ஆறட்டும். ராடைக் கழற்றி, ஆக்சிலை உருவி, சக்கரத்தை எடுத்தால் பிரேக் தட்டு தனியாக வரும். உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதவே கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கட்டைகள் இரண்டையும் புத்தகம் மூடுவது போல மடக்கினால் ஸ்பிரிங்கோடு கழன்று வரும், விரல் ஜாக்கிரதை. நெம்புகோலைக் கழற்றும் முன் அதிலும் தண்டிலும் உள்ள புள்ளிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆணியால் ஒரு கோடு கிழித்துக்கொள்ளலாம். ஒரு பல் மாறி மாட்டினாலும் பிரேக் ஒழுங்காகப் பிடிக்காது.

பால்கார அண்ணன் வண்டியில் அந்தத் தண்டு சுத்தியலால் தட்டித்தான் வெளியே வந்தது. துரு பிடித்து வெல்லப்பாகு நிறம். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் நான்தான் தேய்த்தேன், பளபளன்னு ஆகும் வரைக்கும். துளைக்குள்ளும் அப்படியே. பிறகு தண்டில் மெல்லிசாக கிரீஸ். நிறைய அப்பினால் சூட்டில் உருகிக் கட்டையில் பட்டுவிடும், அப்புறம் பிரேக்கே பிடிக்காது. கிரீஸ் பட்ட கையோடு கட்டையைத் தொடவும் கூடாது, அதற்குத்தான் பட்டறையில் பனியன் வேஸ்ட். கட்டையில் உரசும் பகுதி 2 மில்லிமீட்டருக்கும் குறைந்திருந்தால் புதிது போட வேண்டும். ஸ்பிரிங் இழுவை விட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

திரும்ப மாட்டும்போது ஒன்றை மறந்தால் உயிருக்கே ஆபத்து. பிரேக் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புப் பட்டை, நட்டு, அதற்குள் ஒரு பின் இருக்கும். அது கழன்றால், பிரேக் மிதித்தவுடன் தட்டே சுழன்று, ராடை வளைத்து, ஓடுகிற சக்கரத்தைப் பூட்டிவிடும். மாமா அந்தப் பின்னை மாட்டியதும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார், என்னையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்வார். ஆக்சில் நட்டை இறுக்கும்போது ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்தால் கட்டைகள் டிரம்முக்கு நடுவில் சரியாக உட்காரும். கடைசியில்தான் அந்தப் பிரபலமான நட்டு. பெடல் 2 முதல் 3 செ.மீ. சும்மா இறங்கிய பிறகு பிரேக் பிடிக்கத் தொடங்கும்படி முறுக்க வேண்டும்.

2019 ஏப்ரலில் 125 சிசி வரையுள்ள புது வண்டிகளுக்கு இரண்டு பிரேக்கும் இணைந்த அமைப்பு அல்லது ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. இணைந்த வகையில் பின் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அவற்றில் கூடுதல் கேபிள் உண்டு என்பதால் மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது நல்லது.

வேலை முடிந்ததும் ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு கிலோமீட்டர் பிரேக் அதிகம் தொடாமல் போய்விட்டு வந்து, உள்ளங்கையை டிரம்முக்குப் பக்கத்தில், தொடாமல், காட்டிப் பாருங்கள். அனல் அடித்தால் இன்னும் உரசுகிறது என்று அர்த்தம், மறுபடி கழற்ற வேண்டும். பால்கார அண்ணன் வண்டியில் அடிக்கவில்லை.