கொஞ்சமாய் மறு, உறுதியாய் மறு

பாளையங்கோட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு எரிகிறது, வயிறு உப்பிக்கொள்கிறது, ராத்திரி படுத்தால் புளித்த ஏப்பம் தொண்டை வரை ஏறுகிறது என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, சாப்பாட்டில் கவனமாக இரு என்று அனுப்பிவிட்டார். எதில் கவனமாக இருப்பது என்பதுதான் உனக்குப் பிடிபடவில்லை. அல்வா, சொதி, பரோட்டா மூன்றும் உயிர்; மூன்றும் படுத்துகின்றன; மூன்றையும் ஒரேயடியாக விடப் பார்க்கிறாய், சில நாளில் தோற்றுப்போகிறாய், உனக்கு வாய்க்கட்டே கிடையாது என்று உன்னையே திட்டிக்கொள்கிறாய். அடுத்த மாதம் கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறாய், மறுவீட்டுச் சொதி வேறு இருக்கிறது என்பதால் இப்போதே எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். விலக்க வேண்டியதை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கு. சுருக்கிய பிறகு அதில் அசையாமல் நில். நீ செய்துகொண்டிருப்பது இதற்கு நேர்மாறு. எல்லாவற்றையும் விலக்குகிறாய், அதனாலேயே எதிலும் நிற்க முடியவில்லை.

முதலில் உன்மேல் நீ சுமத்தும் பழியை இறக்கி வை. சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை என்ற அல்வாக்கடை திறக்கிற நேரத்தில் கீழ ரத வீதியில் நடந்தால், நெய் மணம் மூக்கில் ஏறியதும் வாய் ஊறுகிறது. வாயோடு சேர்ந்து இரைப்பையும் ஊறுகிறது. ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் இதை நாய்களிடம் சோதித்துக் காட்டினார். விழுங்கிய உணவு வயிற்றுக்குள் போகாமல் வெளியே விழும்படி செய்த பிறகும் இரைப்பையில் செரிமான நீர் சுரந்தது. செரிமானத்தைப் பற்றிய அந்த ஆராய்ச்சிகளுக்காகத்தான் 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கடை வாசலில் நீ நிற்கும்போது உன் உடம்பு ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கிவிட்டது. அந்த நிமிஷத்தில் மனசோடு மல்லுக்கட்டி ஜெயிப்பவர்கள் ரொம்பக் குறைவு. இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு எடுக்கும் முடிவை நாக்குதான் எடுக்கும்; பசியில்லாத நேரத்தில் வீட்டில் இருந்து எடுக்கும் முடிவை நீ எடுப்பாய். ஆகவே முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட வேண்டும். அது சமயத்தில் நினைவுக்கு வர வேண்டுமானால் சின்னதாக, தெளிவாக இருக்க வேண்டும். ‘கண்டதையும் தின்னக் கூடாது’ என்று சொல்லிக்கொள்வதால் பயனில்லை. ‘ராத்திரி எட்டு மணிக்கு மேல் சால்னா கிடையாது’ என்பது ஒரு முடிவு.

எல்லாவற்றையும் விலக்கினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பாய். மருத்துவத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1915-இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் சிப்பி என்ற மருத்துவர் குடற்புண் நோயாளிகளுக்குப் பாலும் பாலாடையுமாக ஓர் உணவு முறையை வகுத்தார். அதைப் பின்பற்றிப் பல பத்தாண்டுகள் நோயாளிகளைச் சப்பென்ற சாப்பாட்டில் வைத்திருந்தார்கள். பால் குடித்த உடனே எரிச்சல் தணிந்தாலும், பின்னால் அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 1980-களில் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், பெரும்பாலான குடற்புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்று கண்டுபிடித்தார்கள். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு வந்தது. வலிநிவாரணி மாத்திரைகள் இன்னொரு முக்கியக் காரணம். மிளகாயை ஆயுசுக்கும் விட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது இரண்டு வார மருந்து. இன்றைக்கும் நம் பக்கத்தில் யாருக்காவது ‘அல்சர்’ என்றால், என்ன புண், எதனால் வந்தது என்று பார்க்காமலே காரம், புளி, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோர்ச்சோறு போடுகிறார்கள். காரணம் தெரியாமல் போடும் தடை நோயாளியை வாட்டுகிறது, நோயை விட்டுவிடுகிறது.

ஆகவே தடை போடுமுன் குற்றவாளியைக் கண்டுபிடி. பரோட்டாவை எடுத்துக்கொள். அதில் மைதா இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, மேலே ஊற்றும் சால்னாவில் வெங்காயமும் பூண்டும் காரமும் இருக்கின்றன, சாப்பிடுவதோ ராத்திரி பத்து மணிக்கு, சாப்பிட்டதும் படுக்கை. இதில் எது உன்னைப் படுத்துகிறது? கொழுப்பு இரைப்பையில் ரொம்ப நேரம் தங்கும். உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவே இருக்கும் தசை வளையம் அப்போது எளிதில் நெகிழும். வயிறு நிறைந்திருக்கும்போது படுத்தால் அமிலம் மேலே ஏறும். உன் தொல்லை நெஞ்செரிச்சல் என்றால் எண்ணெயும் நேரமும்தான் முதல் சந்தேகம். உப்புசமும் வாயுவும்தான் பெரிய தொல்லை என்றால் கதை வேறு. கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் ஃபிரக்டான் என்ற ஒருவகை மாவுச்சத்து இருக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாகிறது. பெரும்பாலோருக்கு அது தெரிவதில்லை. குடல் கூருணர்வு உள்ளவர்களுக்கு அதுவே வேதனை. இதைத் தெரிந்துகொள்ளாமல் பரோட்டாவை மட்டும் விட்டுவிட்டு, அதே சால்னாவைத் தோசைக்கு ஊற்றிச் சாப்பிட்டால் தொல்லை தொடரத்தான் செய்யும். பிடித்ததை விட்டும் பலனில்லையே என்ற சலிப்பில் நீ பழையபடி பரோட்டாவுக்குப் போவாய்.

மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இந்த வகை உணவுகளுக்காக ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள். சந்தேகத்துக்குரியவற்றை இரண்டு முதல் ஆறு வாரம் நிறுத்துவது. பிறகு ஒவ்வொன்றாக, அளவைக் கூட்டிக்கூட்டி மூன்று நாள் சாப்பிட்டுப் பார்ப்பது. கடைசியில் ஒத்துக்கொள்ளாததை மட்டும் விலக்கி மற்றதையெல்லாம் திரும்பச் சேர்த்துக்கொள்வது. இதைப் பலரும் பாதிதான் புரிந்துகொள்கிறார்கள். நிறுத்துவதை மட்டும் செய்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். திரும்பச் சேர்ப்பதற்காகத்தான் நிறுத்துவதே. இது நமக்குப் புதிதும் இல்லை. 1964 முதல் சித்த மருத்துவக் கல்லூரி நடந்துவரும் இந்தப் பாளையங்கோட்டையில் பத்தியம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இச்சாபத்தியம், கடும்பத்தியம் என்று அதில் படிகள் உண்டு. இன்ன மருந்துக்கு இன்னது ஆகாது என்ற வரையறை உண்டு. இத்தனை நாள் என்ற கெடு உண்டு. கெடு முடிந்தால் பத்தியம் முறியும். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருப்பதால்தான் சாமானிய ஜனங்களால் பத்தியத்தைக் காக்க முடிந்திருக்கிறது. உன் விரதத்தில் அந்த மூன்றுமே இல்லை.

நம் சமையலிலேயே இந்த அளவு இருக்கிறது என்பதையும் கவனி. சொதி என்பது பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலில் வெந்து, தலைப்பால் சேர்ந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து இறங்குவது. கனமான சாப்பாடு. அதற்கு இஞ்சிப் பச்சடியைத் துணைக்கு வைத்தவர்கள் அதன் கனம் தெரிந்தவர்கள். இரைப்பை காலியாவதை இஞ்சி விரைவுபடுத்துகிறது என்று இன்றைய ஆய்வுகள் சிலவும் காட்டுகின்றன. அதோடு, சொதி நம் வழக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தாகத்தான் இருந்தது. வாரா வாரம் வைக்கும் குழம்பாக இருந்ததில்லை. அல்வாவும் அப்படித்தான். கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சீனியும் நெய்யும் விட்டுக் கிண்டுகிற பண்டம் அது. கடையில் நின்று ஐம்பது கிராமோ நூறு கிராமோ இலையில் வாங்கிச் சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் ஊர் வழக்கம். கிலோக் கணக்கில் வாங்கி வீட்டில் வைத்து, வரும்போதும் போகும்போதும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்வது பின்னால் வந்த பழக்கம். வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் எழுதி, அதில் 942 முதல் 947 வரை ஆறு குறள்களைச் சாப்பாட்டுக்கே கொடுத்தார். முன்பு உண்டது செரித்ததா என்று பார், பசித்த பின் உண், உடம்புக்கு ஒத்ததை அளவோடு உண் என்பதே அவற்றின் சாரம். ருசியை வெறுக்கச் சொல்லும் ஒரு வரிகூட அவற்றில் இல்லை.

நீ சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டால் என்ன என்பது முதல் மறுப்பு. பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை நல்ல மருந்துகள். டாக்டர் சொன்ன அளவில் சொன்ன காலத்துக்குச் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் அவை அமிலச் சுரப்பைக் குறைக்கின்றனவே தவிர, இரைப்பையில் இருப்பது மேலே ஏறுவதைத் தடுப்பதில்லை. எரிச்சல் குறையும், எதுக்களிப்பு மிஞ்சும். வாயுவுக்கும் உப்புசத்துக்கும் அவை மருந்தே அல்ல. விருந்துக்குப் போகுமுன் தானாக ஒன்றை விழுங்கிவிட்டு மூன்று கை கூடுதலாகச் சாப்பிடுவது, மருந்தை நாக்குக்கு வேலைக்காரனாக வைப்பது.

ஊரே சாப்பிடுகிறதே, எனக்கு மட்டும் ஏன் என்பது இரண்டாவது மறுப்பு. அதில் இருக்கும் வருத்தம் நியாயமானது, ஆனால் வயிறு எல்லாருக்கும் ஒன்றல்ல. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி, உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பெரியவர்களுக்குச் சின்ன வயதில் இருந்த அளவு இருப்பதில்லை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டுத் தூங்குவான், தம்பிக்கு வயிறு கடமுடா என்னும். அந்தத் தம்பிக்கே தயிர் ஒத்துக்கொள்ளலாம், ஏனென்றால் பால் உறையும்போதே லாக்டோஸில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பொதிகை மலை அகத்தியர் வாதாபியையே செரித்துவிட்டார் என்று கதை சொல்கிறோம். அது அகத்தியர் வயிறு. உனக்கு வாய்த்தது உன் வயிறு, அதன் கணக்கைத்தான் நீ படிக்க வேண்டும்.

பந்தியில் வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படுவார்களே என்பது மூன்றாவது மறுப்பு. நம் ஊரில் அது உண்மையான சங்கடம், நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் யார் மனசு கஷ்டப்படுகிறது என்று பார். எதையுமே தொடாமல் எழுந்திருப்பவனைப் பார்த்துத்தான் விருந்து வைத்தவர்கள் வருந்துவார்கள். சொதியை ஒரு கரண்டி வாங்கி, இஞ்சிப் பச்சடியோடு ரசித்துச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று வாய் நிறையச் சொல்பவனிடம் யாருக்கும் குறை வராது. எல்லாவற்றையும் மறுப்பவனுக்குப் பந்தி முழுக்கச் சண்டை; ஒன்றை மட்டும் மறுப்பவனுக்கு ஒரு தடவை கையால் இலையை மறைத்தால் போதும். ஒரு நாள்தானே என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். கல்யாணம், வளைகாப்பு, ஆனித் தேர், குற்றாலச் சீசன் என்று வருஷத்தில் இப்படி ‘ஒரு நாள்’ நிறைய வரும். ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு நாள். உனக்கு அதற்கடுத்த ராத்திரியும் சேர்த்துக் கணக்கு. பிடித்ததை விட்டால் வாழ்க்கையில் என்ன சுகம் என்று நீயே கேட்கவும் கூடும். பயந்து பயந்து சாப்பிடுவதில்தான் சுகம் இல்லை. இது இவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்து சாப்பிடுபவன் ஐம்பது கிராம் அல்வாவில் காணும் ருசியை, எதிர்காலத்தை நினைத்து நடுங்கிக்கொண்டு கால் கிலோ தின்பவன் காண முடியாது.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு நோட்டு வாங்கி, இன்றிலிருந்து இரண்டு வாரம், என்ன சாப்பிட்டாய், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எப்போது தொல்லை வந்தது என்று எழுது. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடு. இடது பக்கம் சாய்ந்து படு, கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்து. அந்த மாற்றம் மட்டுமே பாதித் தொல்லையைத் தீர்த்தாலும் ஆச்சரியமில்லை. மிச்சம் இருப்பதில் சந்தேகமானதை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார். பூண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால், எண்ணெயில் பூண்டை வதக்கி மணம் இறங்கியதும் பூண்டை எடுத்துவிடச் சொல் உன் அம்மாவிடம். ஃபிரக்டான் தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. கோதுமை மொத்தமும் ஆகவில்லை என்று தோன்றினால், நிறுத்துமுன் டாக்டரிடம் சொல். சீலியாக் என்ற நோய்க்கான ரத்தப் பரிசோதனை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். உடம்பு காரணமில்லாமல் இளைத்தாலோ, மலம் கறுத்தோ ரத்தத்தோடோ போனாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ நோட்டை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அதெல்லாம் சாப்பாட்டுத் தடையால் தீர்கிற விஷயம் இல்லை.

இரண்டு வாரக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வா. எதை விட வேண்டும் என்று உன் கையால் எழுதியதைப் பார்த்து நீயே முடிவு செய். அது ஒன்றோ இரண்டோதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை மட்டும் விடு, விட்டதில் நில். மற்றதையெல்லாம் சந்தோஷமாகச் சாப்பிடு.

அன்புடன்,
உன் மாமா