தோலில் தங்கும் பச்சை

கேள்வி: வளர்ந்தவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு பச்சை குத்திக்கொள்வது ஏன்? பின்னாளில் அதை எப்படி உணர்கிறார்கள்?

பதில்: தமிழகச் சிற்றூர்களில் குறத்தியர் மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்து எரித்த கரியை ஊசியால் குத்திக் கோலமும் தேளும் வரைந்த காலத்தில், அந்த அடையாளம் பெரும்பாலும் மூத்தோர் விருப்பப்படி சிறுமியருக்கு இடப்பட்டது, இன்று டாட்டூக் கடைக்குச் செல்பவரோ தம் உடலில் எது நிலைக்க வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்கிறார். மறைந்த தாயின் பெயரைக் குத்திக்கொள்பவருக்கு அவ்வலி துயரத்தை வெளிப்படுத்தும் வழியாகவும் அமைகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்டு, மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை பெற்ற பெண்களுக்கு முலைக்காம்பின் தோற்றத்தைப் பச்சையாகவே குத்தித் தரும் முறை உண்டு. நோய் பறித்ததைத் தம் விருப்பப்படி மீட்டுக்கொள்ளும் இச்செயலை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது பெரும் அநீதி.

மையின் துகள்கள் மேல்தோலுக்கு அடியிலுள்ள உட்தோலில் பெருவிழுங்கிகள் எனப்படும், அந்நியப் பொருள்களை விழுங்கும் நோயெதிர்ப்பு அணுக்களுக்குள் தங்குகின்றன. ஓர் அணு மடியும்போது வெளிப்படும் துகள்களைப் புதிய அணு விழுங்கிக்கொள்வதை 2018இல் வெளியான, எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. ஆகவே பச்சை நிலைத்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல விளிம்புகள் மங்குகின்றன. அணிந்தவரும் அதை நாள்தோறும் கவனிப்பதில்லை, பிறர் கேட்கும்போதே பழைய நினைவு திரும்புகிறது. முறிந்த உறவின் பெயரைச் சுமப்பவருக்கு அக்கேள்வியே வேதனையாகலாம். நிறமியைச் சிதைக்கும் லேசர் சிகிச்சைக்குப் பல அமர்வுகள் தேவைப்படுவதோடு, அதன் பின்னும் தடம் எஞ்சக்கூடும்.