மூச்சும் அச்சமும்

சுருட்டு, பீடி புகைத்தவர்களுக்கும், பல வருடங்கள் விறகடுப்புப் புகையில் சமைத்த தாய்மாருக்கும் நாள்பட்ட சுவாச அடைப்பு நோய் வருவதுண்டு. இருமல், சளி, நடந்தால் களைப்பு என்பன இதன் அடையாளங்கள். பழுதடைந்த சுவாசப்பை முற்றாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆயினும் மருந்தோடு வீட்டாரின் ஆறுதலும் சேர்ந்தால் நோயாளியின் துன்பம் குறையும்.

களைப்பு வரும்போது, செத்துவிடுவேனோ என்ற பயம் எழுகிறது. பயந்தவர் அவசர அவசரமாக மூச்செடுக்கிறார். உள்ளே போன காற்று வெளியேறுமுன் அடுத்த மூச்சை இழுப்பதால், காற்று நெஞ்சுக்குள் தேங்கி முட்டு அதிகரிக்கிறது. முட்டுக் கூடப் பயமும் கூடுகிறது. இந்த வட்டத்தை உடைக்க நாம் உதவலாம்.

களைப்பு வரும் வேளையில்

1. சுற்றி நின்று சத்தமிட வேண்டாம். ஒருவர் மட்டும் அருகிலிருந்து அமைதியாகப் பேசுவோம்.
2. நோயாளியை இருத்தி, சற்று முன்னே குனிந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றச் செய்வோம்.
3. வைத்தியர் தந்த இன்ஹேலரை அவர் சொன்னபடி கொடுப்போம்.
4. மூக்கால் மூச்செடுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்வோம். எடுக்கும்போது இரண்டு எண்ணினால், விடும்போது நான்கு. நாமும் கூடவே செய்தால் அவருக்கு இலகு. சுகமாக இருக்கும் நாட்களிலேயே இதைப் பழக வேண்டும்.
5. ஓலை விசிறியால் முகத்துக்கு விசிறுவோம்.

பேச முடியாத முட்டு, உதடு நீலமாதல், தடுமாற்றம் கண்டால் தாமதியாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

மற்ற நாட்களில்

காணியை விட்டு வந்த கமக்காரருக்கு, ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்க முடியாமற் போவது இன்னோர் இழப்பு. "நான் வீட்டுக்குப் பாரம்" என்று எண்ணத் தொடங்குகிறார். "நீங்கள் சும்மா இருங்கோ அப்பா" என்று எல்லா வேலையையும் பறித்தால் அந்த எண்ணமே உறுதிப்படும். விதை தெரிதல், நாற்றுக்குத் தண்ணீர் தெளித்தல் போன்ற, இருந்து செய்யும் வேலைகளை அவரிடம் விடுவோம். விதைப்புக்கு ஆலோசனை கேட்போம். தினமும் முடிந்த தூரம் கூட நடப்போம். கோயிலுக்கு வர முடியாதவரின் வீட்டிலேயே செபத்தை வைப்போம்.

இந்நோய் தொற்றாது, கோப்பையைப் புறம்பாக்க வேண்டாம். ஆனால் யாருக்காவது புதிதாக வந்த இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், சயரோகமா என்று சளியைப் பரிசோதிப்பது அவசியம்.

சாப்பாடும் நித்திரையும் பேச்சும் இரண்டு கிழமையாகக் குறைந்திருந்தால் கிளினிக்கில் அதையும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. வாழ்க்கை வெறுத்ததாகச் சொன்னால் தனியே விடாமல் உடனே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்திலும் பேசலாம்.

கூடிச் சிந்திப்போம்

1. களைப்பினால் வீட்டோடு முடங்கியவர்கள் எமது குடியிருப்பில் யார்? கடைசியாக எப்போது அவர்களிடம் போனோம்?
2. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் புகை வராமல் அடுப்பை எங்கே மாற்றலாம்?