தொலைவிலுள்ள மதகும் செய்தி இணைப்பும்

இடுக்கி நீர்மின் திட்டத்தில் நீர் தேங்குவது ஓரிடம். அது மின்னாற்றலாக மாறுவது வேறோரிடம். குறவன், குறத்தி என்னும் இரு மலைகளுக்கிடையே எழும்பி நிற்கும் வளைவணையும், செறுதோணி அணையும், குளமாவு அணையும் சேர்ந்து ஒரே நீர்த்தேக்கத்தை ஆக்குகின்றன. மிகைநீரை வெளிவிடும் ஐந்து கதவுகளும் செறுதோணியில் உள்ளன. மின்னாக்கத்திற்கு வேண்டிய நீரோ, குளமாவுப் பக்கத்திலிருந்து மலையைக் குடைந்த சுரங்கவழியே இறங்கி, மூலமற்றத்தில் நிலத்தினடியில் அமைந்த நிலையத்தை அடைகிறது. 1976-இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தில் 130 மெகாவாட் திறனுள்ள மின்னாக்கிகள் ஆறு உள்ளன. மாநிலம் முழுவதன் மின்தேவையைக் கவனித்து, எந்நிலையம் எவ்வளவு மின்னாக்க வேண்டும் என்று வகுக்கும் சுமைப் பகிர்வு நிலையம் களமசேரியில் இருக்கிறது. ஆக, ஒருவர் காண்பதை மலைக்கு அப்பாலுள்ள மற்றொருவர் உடனுக்குடன் அறிந்தாலன்றி இத்தகைய திட்டம் நடைபெற இயலாது. இச்செய்தி இணைப்பை நம்பத்தக்கதாக அமைப்பது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அறியவேண்டுவது, எல்லாச் செய்திகளுக்கும் ஒரே விரைவு வேண்டுவதில்லை என்பதாகும். நிறைந்த நிலையில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் பரப்பு ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர். அதன் மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயரவேண்டுமாயின் ஆறு இலட்சம் கனமீட்டர் நீர் வந்து சேரவேண்டும். எனவே நீர்மட்டச் செய்தி சில நிமிடங்கள் தாழ்ந்து வந்தாலும் கேடில்லை. உயரழுத்த மின்வழியில் பழுது நேர்ந்தால் நிலை முற்றிலும் வேறு. மறுமுனையிலுள்ள துண்டிப்பானைத் திறக்கும் செய்தி, மாறுமின்னோட்டம் ஒருசில சுற்றுகள் சுற்றுவதற்குள் போய்ச் சேரவேண்டும். ஒரு சுற்றின் காலம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கே.

இனி, மின்சுமை திடீரென விலகினால் பெல்டன் சக்கரம் கட்டுமீறிச் சுழலத் தொடங்கும். அப்பொழுது ஒதுக்குத் தகடு நீர்த்தாரையைச் சக்கரத்தினின்று உடனே விலக்கிவிட, ஊசி வால்வு மெல்ல மூடும். வால்வை விரைந்து மூடினால், சுரங்கத்தில் இறங்கிவரும் நீரின் உந்துதல் குழாயையே பிளக்கக் கூடும். இவ்வேலையை எக்காலத்தும் தொலைவிலிருந்து வரும் கட்டளைக்கு விடலாகாது. பொறியின் அருகிலுள்ள ஆளியே அதனைச் செய்தல் வேண்டும். இணைப்பு எவ்வளவு சிறந்ததாயினும், உயிர்காக்கும் செயலை அதன்மேல் ஏற்றாதிருப்பதே அறிவுடைமை.

அடுத்து, மௌனத்தைப் பற்றிய ஒரு நுட்பம். நீர்மட்டம், அழுத்தம் முதலியவற்றை அளக்கும் கருவிகள் தம் அளவை 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையுள்ள மின்னோட்டமாக அனுப்புவது தொழிற்சாலைகளில் நெடுநாளைய வழக்கம். சுழியளவைக் குறிக்கச் சுழி மின்னோட்டத்தைக் கொள்ளாமல் 4 மில்லியாம்பியரைக் கொண்டது ஏன்? கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகிவிடும். அப்பொழுது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர், ‘அளவு குறைந்துவிட்டது’ என்று மயங்காமல், ‘கம்பி அறுந்தது’ எனத் தெளிவர். இந்த எளிய உபாயத்தில் நம்பகத்தின் உயிர்நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து. ஒருபொழுதும் அறாத இணைப்பை எவராலும் அமைக்க முடியாது. அறுந்ததை அக்கணமே அறிவிக்கும் இணைப்பை அமைக்க முடியும். இக்காலத்து எண்முறைக் கருவிகளும் குறித்த இடைவெளிதோறும் ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிறு துடிப்பை அனுப்புகின்றன. துடிப்பு நின்றால் திரையிலுள்ள எண், பழைய எண்ணெனக் குறியிடப்பட வேண்டும். குறியிடாது பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும் திரை, கருவி இல்லாமையினும் தீது.

செய்தி செல்லும் வழிகள் பல. மின்வாரியங்கள் நெடுங்காலமாகக் கையாள்வது, உயரழுத்த மின்கம்பிகளையே செய்திக்கும் பயன்படுத்தும் முறையாகும். 50 ஹெர்ட்சு மின்னோட்டம் ஓடும் அதே கம்பியில் பல பத்தாயிரம் ஹெர்ட்சு அதிர்வெண்ணுள்ள ஊர்தியலைகளை ஏற்றி அனுப்புவர். ஒரு மின்தேக்கி அவ்வலைகளை உள்ளே விட்டு மின்னாற்றலைத் தடுக்கும். ஒரு கம்பிச்சுருள் மின்னாற்றலை விட்டு அலைகளைத் தடுக்கும். சிக்கனமான முறையே. ஆயினும் கம்பி பழுதுற்ற வேளையில்தான் செய்தி மிகுதியும் வேண்டப்படுகிறது. அவ்வேளையில்தான் வழியும் நலிவுறுகிறது. மின்கோபுரங்களின் உச்சியில் ஓடும் காப்புக் கம்பிக்குள் கண்ணாடி இழைகளை வைத்திழுக்கும் முறை பிற்காலத்தது. கண்ணாடி மின்னைக் கடத்தாதாகையால், ஐப்பசி மாலைகளில் மலைகளை அதிரவைக்கும் இடிமின்னல் அவ்விழையில் ஓடும் செய்தியைக் குலைப்பதில்லை. வானொலி அலைகளுக்கு முகட்டிலிருந்து முகட்டுக்கு நேர்ப்பார்வை வேண்டும். செயற்கைக் கோளோ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், கேள்வியும் விடையும் போய்வர அரை நொடி கழியும். உயர் அதிர்வெண் அலைகள் பெருமழையில் மெலிவதும் உண்டு. வெள்ளச் செய்தி பெருமழையில்தானே வேண்டும்!

ஒருவழி தவறினால் மறுவழி என்று இரண்டை வைப்பது இயல்பு. ஒவ்வொரு வழியும் நூறு மணியில் ஒரு மணி தவறுமாயின், தொடர்பற்ற இருவழிகளும் ஒருசேரத் தவறுவது பதினாயிரத்தில் ஒரு மணியே. ஆனால் இரு வடங்களையும் ஒரே சாலையோரத்தில் புதைத்தால் இக்கணக்குப் பொய்யாகும். 2018 ஆகஸ்டில் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் செறுதோணிக் கதவுகள் திறக்கப்பட்டன. அதே மாதத்தில் இடுக்கி மாவட்டத்தில் பலவிடங்களில் மலைச்சரிவு நேர்ந்தது. சரியும் மலை சாலையையும் கம்பத்தையும் வடத்தையும் சேர்த்தே கொண்டுபோகும்.

பாலக்காட்டு எல்லையில் இவ்வினா வேறொரு வடிவம் கொள்கிறது. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், இயக்குவது தமிழ்நாடு, சாலை செல்வது சேத்துமடை வழியே, மிகைநீர் பாய்வது சாலக்குடி ஆற்றில். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில், அதன் மூன்று கதவுகளுள் ஒன்று, எதிரெடைச் சங்கிலி அறுந்தமையால் பெயர்ந்தது. நொடிக்கு ஏறத்தாழ 20,000 கனஅடி நீர் வெளியேறிற்று. கீழ்க்கரையில் உள்ளோர் எச்சரிக்கப்பட்டனர்.

எந்த இணைப்பும் அச்சங்கிலியைக் காத்திராது. எனினும் இத்தகைய நேர்வு கருவி அமைப்போருக்கு ஒன்று புகட்டுகிறது. கதவின் நிலையை அதனைத் தூக்கும் உருளையின் சுழற்சியைக்கொண்டு அளக்கும் வழக்கம் உண்டு. சங்கிலி அறுந்தபின்னும் உருளை அசையாது நிற்கலாம். ‘கதவு மூடியுள்ளது’ என்ற செய்தி பழுதின்றி, விரைந்து, இருவழியாகவும் வந்துகொண்டிருக்கும்! ஆகையால் உணர்கருவியைக் கதவின்மேலேயே பொருத்துவதோடு, அணைக்குக் கீழே ஆற்றிலும் தனியே ஒரு நீர்மட்டக் கருவி வைத்தல் வேண்டும். அக்கருவியின் செய்தி மேல்நிலை அலுவலகங்களைச் சுற்றி வராமல், கீழ்க்கரை மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறைக்கும் நேரே செல்லவேண்டும்.

இணைப்பு அறுந்தால் கருவி என் செய்யவேண்டும் என்பதையும் முன்னரே வகுத்தல் வேண்டும். மதகுக் கதவு இருந்த நிலையிலேயே நிற்கவேண்டும். அணைமேல் உள்ள ஊழியர் கையால் இயக்கும் உரிமை பெறவேண்டும். மின்னாக்கி தன் ஆளியின் பொறுப்பில் தொடர்ந்து சுழலலாம். இவற்றை ஏட்டில் எழுதியதோடு நில்லாமல், ஆண்டுதோறும் இடவப்பாதி மழை தொடங்குமுன் ஒருநாள் வடத்தைக் கையால் கழற்றிப் பார்க்கவேண்டும். அன்று மின்கலத் தொகுதியையும் முழுச்சுமையில் சோதித்தல் நலம். மழைக்காலத்தில் மலையுச்சி நிலையங்கள் வாய்மூடுவது பெரும்பாலும் மின்கலம் தீர்வதாலேயே.