கழுதை சிறு குதிரை அன்று
பண்ணையில் ஒரு நாளைய பராமரிப்பு

குதிரை, மட்டக்குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவை ஒரே குடும்பத்தைச் சார்ந்த விலங்குகள். 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3 இலட்சத்து 40 ஆயிரமும், கழுதைகள் சுமார் 1 இலட்சத்து 20 ஆயிரமும் இருந்தன. 2012ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுமிடத்து, கழுதைகளின் தொகை நூற்றுக்கு 61 பங்கு குறைந்திருந்தது. எனினும் செங்கற்சூளைகளிலும், மலைப்பாதைகளிலும், மணல் சுமக்கும் தொழிலிலும் இவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் உள. அத்தகைய குடும்பத்தில் ஒரு கழுதை மாண்டால் மறுநாளைய வருமானம் நின்றுபோகும்.

இவ்விழப்புகளிற் பல தவிர்க்கக்கூடியவை. குதிரைக்குரிய விதிகளையே அளவிற் சுருக்கிக் கழுதைக்கும் கூறிவிடும் வழக்கம் பரவலாக உளது. இவ்விரு விலங்குகளும் உடலமைப்பிற் பெரிதும் ஒத்திருப்பினும், உண்ணும் அளவிலும், நோயை வெளிக்காட்டும் முறையிலும், துணையை நாடும் இயல்பிலும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை அறியாமையால் நோய் முற்றிய பின்னரே கழுதை மருத்துவரிடம் வந்து சேர்கிறது.

இராஜஸ்தான், குஜராத் ஆகிய வறண்ட நிலப்பகுதிகளில் இரண்டையும் ஒருங்கே வளர்ப்போர் உளர். உள்நோக்கி வளைந்த காதுகளையுடைய மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளும், சௌராஷ்டிரத்தின் வெண்ணிற ஹலாரிக் கழுதையும் இப்பகுதிகளுக்கு உரியவை. நாட்டின் பல பாகங்களிலும் காணப்படும் சாம்பல் நிறச் சிறு கழுதையின் தோளுயரம் ஏறக்குறைய ஒரு மீட்டரே. இமயமலையின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலுள்ள கழுதை அதனினும் சிறிது. இத்தகைய சிறு கழுதைகளும் குதிரைகளும் சேர்ந்து வாழும் பண்ணையொன்றின் ஒரு நாளைய வேலைகளை வரிசையாக நோக்கினால், இவ்வேறுபாடுகள் தாமே விளங்கும்.

விடியற்காலைப் பார்வை

பண்ணையின் முதல் வேலை தீனி வைப்பதன்று, நின்று பார்ப்பதாகும். இலாயப் பணியாளர் சற்று எட்ட நின்று, ஒவ்வொரு விலங்கும் எவ்வாறு நிற்கிறது, நான்கு கால்களிலும் சமமாகப் பளுவை ஊன்றுகிறதா, இரவில் எவ்வளவு சாணம் இட்டிருக்கிறது, முந்தைய நாள் வைத்த தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வயிற்றுவலி கண்ட குதிரை நிலத்தைக் காலால் கீறும், விலாப்புறத்தைத் திரும்பிப் பார்க்கும், விழுந்து புரளும். இக்குறிகளை யாவரும் அறிவர். அதே வலி கண்ட கழுதையோ பெரும்பாலும் தலையைத் தொங்கவிட்டு அசையாது நிற்கும். சில வேளைகளில் அது தீனித்தொட்டியில் வாயை வைத்தபடியே நிற்பதுண்டு, ஆனால் உண்பதில்லை. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அது மேய்வது போலவே தோன்றும். ஆகவே கழுதை தொட்டியருகே நிற்பதைக் கொண்டு திருப்தியடைதல் கூடாது. தாடை அசைகிறதா, தீனி குறைகிறதா என்பதை அருகிற் சென்று காண வேண்டும்.

ஐயம் ஏற்படின் உடல் வெப்பத்தையும், நாடித் துடிப்பையும், மூச்சையும் அளந்தறியலாம். ஓய்வுநிலையிலுள்ள வளர்ந்த விலங்குகளுக்குரிய அளவுகள் வருமாறு:

குதிரை: வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி சென்டிகிரேட் வரை. நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை.

கழுதை: வெப்பம் 36.2 முதல் 37.8 டிகிரி சென்டிகிரேட் வரை. நாடி நிமிடத்துக்கு 36 முதல் 52 வரை. மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 28 வரை.

வெப்பமானி 38.3 டிகிரி காட்டுமாயின் குதிரை நலமாயிருக்கிறது எனலாம். கழுதைக்கோ அதுவே காய்ச்சலின் அறிகுறியாகக் கூடும். நண்பகல் வெயிலிலும் வேலைக்குப் பின்னரும் இவ்வளவுகள் உயருமாதலால், விடியற்காலையில் அளப்பதே பொருத்தமானது. தாடையெலும்பின் கீழ்விளிம்பில் விரலை வைத்தால் நாடி புலப்படும். வெப்பத்தை ஆசனவாயில் அளக்கையில், பின்புறம் நில்லாது பக்கவாட்டில் நிற்றல் வேண்டும்.

தீனியும் தண்ணீரும்

குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்கச் சிறியது; 8 முதல் 15 லிட்டர் கொள்ளளவே உடையது. குதிரையினத்தால் வாந்தி எடுக்க இயலாது. ஆதலின் ஒரே வேளையில் மிகுந்த தானியத்தை இடுவது ஆபத்தாகும். நார்ப்பொருள் இரைப்பையிற் செரியாமல், பெருங்குடற் பகுதியில் வாழும் நுண்ணுயிர்களால் செரிக்கப்படுகிறது. அந்நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழகச் சில நாட்கள் வேண்டும். எனவே தீனியை மாற்றுகையில் சிறிது சிறிதாக, ஒரு வாரத்துக்குக் குறையாத கால அளவில் மாற்றுதல் நலம். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை எவ்வகையிலும் இடலாகாது.

குதிரைக்கு நாள்தோறும் உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்களவு உலர்தீனி வேண்டும். 400 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு இது 8 கிலோகிராம் ஆகும். கழுதையோ நாரைச் செரித்துப் பயன்படுத்துவதில் மேம்பட்டது. அதற்கு நூற்றுக்கு 1.3 முதல் 1.8 பங்கு வரை போதும். 120 கிலோகிராம் எடையுள்ள கழுதைக்கு இது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோகிராம். குதிரைக்கு இடும் தானியத்தையும் பசும்புல்லையும் வேலையற்ற கழுதைக்கும் தாராளமாக இட்டால், அதன் பிடரியிலும் விலாவிலும் கொழுப்புத் திரளும். குளம்பின் உட்திசுக்கள் அழன்று நடக்கவியலாத நிலையும் நேரும். சூளையிற் பாடுபடும் மெலிந்த கழுதைக்கு இவ்வெச்சரிக்கை பொருந்தாது. அதற்குக் குறைவாயிருப்பது உணவேயாகும்.

கழுதை தீனியை மறுப்பதைக் களப்பணியாளர்கள் அவசர நிலையாகவே கருதவேண்டும். உணவின்றி இருக்கும் கழுதை தன் உடற்கொழுப்பைக் கரைத்து இரத்தத்திற் கலக்கவிடுகிறது. அக்கொழுப்பு அளவு மீறினால் ஈரலும் சிறுநீரகமும் பழுதுறும். சில நாட்களில் உயிர் போகும். கொழுத்த கழுதைகளுக்கும், சினையுற்ற அல்லது பாலூட்டும் பெட்டைகளுக்கும் இவ்வாபத்து மிகுதி. “இன்று உண்ணவில்லை, நாளை பார்க்கலாம்” என்று காத்திருப்பது இங்குப் பொருந்தாது.

கோழிக்கும் மாட்டுக்கும் விற்கப்படும் கலப்புத் தீவனங்கள் சிலவற்றில் மோனென்சின் என்னும் மருந்து சேர்க்கப்படுகிறது. இது குதிரையினத்தின் இதயத் தசையை அழிக்கவல்லது. சிறிதளவும் மரணம் விளைவிக்கக்கூடும். ஆதலால் அத்தீவனங்களைத் தனியறையில் பூட்டிவைத்தல் வேண்டும்.

குதிரை நாளொன்றுக்குச் சுமார் 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் அருந்தும்; கோடையிலும் வேலைநாட்களிலும் இன்னும் மிகும். கழுதை நீரின்மையைப் பெரிதும் தாங்கவல்லது. அத்திறனே அதற்குத் தீங்காகவும் முடிகிறது. தாகத்தை அது வெளிக்காட்டாமையால் உரியவர் தண்ணீர் வைக்க மறந்துவிடுகிறார். மேலும், அழுக்கடைந்த தொட்டியிலுள்ள நீரை அது தொடாது. தொட்டியை நாள்தோறும் கழுவித் துடைப்பது தீனி வைப்பதைப் போன்றே இன்றியமையாத வேலையாகும்.

குளம்பும் முதுகும்

காலைத் தீனிக்குப்பின் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, அவற்றிற் படிந்த சாணத்தையும் கற்களையும் குளம்புக் கொக்கியால் நீக்கவேண்டும். நீக்குகையில் குதிகாலிலிருந்து முன்நோக்கியே இழுத்தல் வேண்டும். குளம்பின் அடியில் ஆப்பு வடிவிலுள்ள மென்பகுதியில் கருநிறமும் தீநாற்றமும் காணப்பட்டால், தரை ஈரமாயிருத்தலே பெரும்பாலும் காரணம். தரையை உலர்த்தாமல் மருந்தை மட்டும் இடுவது பயன்தராது. ஆறு முதல் பத்து வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவவேண்டும். கழுதையின் குளம்பு குதிரையினதைவிடக் குறுகியும் செங்குத்தாகவும் அமைந்துள்ளது. அதனைக் குதிரைக் குளம்பின் வடிவுக்குக் கொணர முயல்வோர் அதன் நடையைக் கெடுத்துவிடுவர்.

சேணமும் பொதிமெத்தையும் படும் இடங்களைத் தினமும் கையால் தடவிப் பார்த்தல் நலம். தடிப்போ வெப்பமோ தென்பட்டால் அன்று அவ்விடத்திற் சுமை ஏற்றக்கூடாது. புண் ஆறும்வரை ஓய்வு தருவதே சிகிச்சையின் முதற்படி. சுமை விலங்குகளைக் கொடுமையினின்று காக்கும் 1965ஆம் ஆண்டு விதிகள், முதுகிற் சுமக்கும் பளுவைக் கழுதைக்கு 50 கிலோகிராம், மட்டக்குதிரைக்கு 70, கோவேறு கழுதைக்கு 200 என வரையறுத்துள்ளன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாது 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்குதல் கூடாது. வெப்பம் 37 டிகிரிக்கு மிகும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்குவதையும் அவை தடுக்கின்றன.

கழுதையின் மயிர் மழைநீரைத் தடுக்கும் தன்மை குறைந்தது. குதிரை நனைந்தபடி மேய்ந்து நிற்கும் தூறலிலும் கழுதைக்குக் கூரை தேவைப்படும்.

துணையும் பிரிவும்

அச்சமுற்ற குதிரை ஓடும். அச்சமுற்ற கழுதை நின்றுவிடும். முன்னே இருப்பது பாலமோ, நீரோ, புதிய பொருளோ, அதனை ஆராய்ந்த பின்னரே அது அடியெடுத்து வைக்கும். இதனைப் பிடிவாதம் எனக் கருதி அடிப்பவர் அதன் அச்சத்தை வளர்க்கின்றனர். சிறிது நேரம் பொறுத்து, பழகிய விலங்கொன்றை முன்னே நடத்திச் சென்றால் அது பின்தொடரும்.

கழுதைகள் பெரும்பாலும் இணையாகப் பழகுவன. ஒன்றை விற்றோ, சிகிச்சைக்கு அனுப்பியோ பிரித்தால் மற்றது உண்ணாது நிற்கும். மேலே கூறிய கொழுப்பு நோய் இங்ஙனமும் தொடங்கும். ஆகவே ஒரு கழுதையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேரின் துணையையும் உடன் கொண்டுசெல்வது நன்று. இரண்டில் ஒன்று இறந்துபோனால், உடலை உடனே அகற்றாமல், எஞ்சியது அதனை முகர்ந்து, தானே விலகிச் செல்லும்வரை விட்டுவைக்க வேண்டும். பின்னர்ச் சில நாட்கள் அதன் தீனியளவைக் கவனமாகக் குறித்துவரல் வேண்டும்.

குட்டி ஈனுங்காலம்

பெட்டைக் குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். கழுதையினது ஏறக்குறைய 12 மாதம், சில வேளைகளில் அதற்கும் மேல். ஈன்றபின் நினைவிற் கொள்ளவேண்டிய எண்கள் மூன்று. குட்டி 1 மணி நேரத்துள் எழுந்து நிற்கவேண்டும். 2 மணி நேரத்துள் பால் குடிக்கவேண்டும். தாயின் நஞ்சுக்கொடி 3 மணி நேரத்துள் முழுமையாக விழவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் மருத்துவரை அழைத்தல் வேண்டும். நோயெதிர்ப்புப் பொருள்கள் சீம்பாலின் வழியாகவே குட்டியை அடைகின்றன. அவற்றை ஏற்கும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் நாளிலேயே மறைந்துவிடுகிறது.

இரண்டும் சேர்ந்து வாழுமிடத்து நோய்த்தடுப்பு

கழுதையின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழு, கழுதைக்கு வெளிப்படையான தீங்கு செய்வதில்லை. அதே மேய்ச்சல் நிலத்திலுள்ள குதிரைக்கு நீங்காத இருமலைத் தரும். நலமாகத் தோன்றும் கழுதையின் சாணத்தையும் சோதனைக்கு அனுப்பவேண்டிய காரணம் இதுவே. மேய்ச்சல் நிலத்துச் சாணத்தை அடிக்கடி அகற்றுதல் புழுக்களைக் குறைக்கும்.

சர்ரா நோயை விளைவிக்கும் நுண்ணுயிரை 1880ஆம் ஆண்டில் கிரிபித் எவன்ஸ் என்பவர், அக்காலப் பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் இரத்தத்திற் கண்டறிந்தார். கடிக்கும் பெரிய ஈக்கள் இதனைப் பரப்புகின்றன. குதிரை விட்டுவிட்டுக் காய்ச்சலுற்று மெலியும். கழுதையிற் குறிகள் மங்கலாகவே தோன்றும்.

கிளாண்டர்ஸ் நோயில் நிலைமை மாறுகிறது. குதிரையில் அது பலகாலம் நீடித்து நிற்பதுண்டு. கழுதையில் விரைந்து முற்றிச் சில நாட்களிற் கொல்லும். மூக்கிலிருந்து கெட்டியான சளி, நாசியில் புண், கால்களில் வரிசையாகக் கட்டிகள் ஆகியவை இதன் குறிகள். இது மனிதரையும் பற்றும். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டியது. ஐயத்துக்குரிய விலங்கைத் தனியே கட்டி, வெறுங்கையால் தொடாது, உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும். ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்நோய்க்கான இரத்தச் சோதனைகளை நடத்திவருகிறது.

இரணஜன்னிக்கு இரண்டு விலங்குகளும் எளிதில் இலக்காகும், தடுப்பூசி தவறலாகாது. மருந்தளவைக் குதிரையின் அட்டவணையைப் பார்த்துக் கழுதைக்குக் கணக்கிடுதலும் தவறு. வலி நீக்கும் பீனைல்பியூட்டசோன் போன்ற சில மருந்துகள் கழுதையின் உடலிலிருந்து விரைந்து நீங்குவதால், மருந்து தரும் இடைவெளியை மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கவை

1. கழுதை வளர்ப்போர் ஒருவரின் இருப்பிடத்துக்கு மாணவரை அழைத்துச் சென்று, தொட்டியருகே நிற்கும் கழுதை உண்மையில் உண்கிறதா என்பதைப் பத்து நிமிடம் பார்த்து எழுதச் செய்க.

2. ஒரே விலங்கின் மூச்சைக் காலையிலும் நண்பகலிலும் எண்ணி, ஒரு வாரத்துக்கு அட்டவணையிற் பதிவு செய்க.

3. கூட்டங்களில் உரிமையாளரிடம் “நோயுண்டா?” என வினவுவதை விட, “நேற்று எவ்வளவு தின்றது? எவ்வளவு குடித்தது? அதன் துணை எங்கே?” என வினவுக. முதல் வினாவுக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்ற விடையே கிடைக்கும். பின்னவற்றின் விடைகளில் நோயின் தொடக்கம் புலப்படும்.

4. மந்தபுத்தியைக் குறிக்கக் கழுதையின் பெயரைப் பள்ளிகளில் வழங்கும் வழக்கம் உளது. பாலத்தின் முன் கழுதை ஏன் நிற்கிறது என்பதை மாணவருக்கு விளக்கிய பின், அச்சொல்லை அப்பொருளில் வழங்குவது தகுமா என அவர்களையே ஆராயச் செய்க.